தண்டுவடத்தில் விழுந்த அடி

இடுப்புக்குக் கீழே உணர்ச்சியும் அசைவும் அற்றுப் படுக்கையில் கிடக்கும் ஒரு பிள்ளையின் தகப்பனாரோ, அவருக்காக விசாரிக்கும் உறவினர் ஒருவரோ, நான் இன்ன துறையில் காலம் கழித்தவன் என்று தெரிந்துகொண்டதும் தவறாமல் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: தண்டுவடத்தில் அடிபட்டவுடன் ஸ்டீராய்டு ஊசி போட்டால் பலன் உண்டா, இல்லையா? ஒரே சொல்லில் விடை கிடைக்கும் என்று நம்பித்தான் அவர்கள் கேட்கிறார்கள், அதில் குற்றமில்லை. ஆனால் அந்த விடையைத் தேடித்தான் நாயும் பூனையும் எலியுமாகக் கணக்கற்ற பிராணிகளின் முதுகைத் திறந்தோம். அந்த வேலைக்கு உள்ளே இருந்து பார்த்தவனுக்கு, மருந்தைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் அடியைப் பற்றியும், அடித்த கையைப் பற்றியும், அடிபட்ட பிராணியைப் பிறகு பேணிய கையைப் பற்றியும் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது.

சென்னை வேப்பேரியில் கால்நடை வைத்தியம் படித்துவிட்டு, எழுபதுகளின் பிற்பகுதியில் அமெரிக்கா சென்று, அந்நாட்டின் கிழக்குப் பகுதியில் ஒரு பல்கலைக்கழகத்து ஆராய்ச்சிக்கூடத்தில் உத்தியோகத்தில் அமர்ந்தேன். மயக்க மருந்து கொடுப்பது, முதுகைத் திறப்பது, அடியைப் பிரயோகிப்பது, ஊசி போடுவது, அதன்பின் வாரக்கணக்கில் அந்தப் பிராணிகளை உயிரோடும் நோயின்றியும் காப்பாற்றுவது ஆகியவையே என் பொறுப்பு. கட்டுரைகளில் பெயர் முன்னால் வருகிறவர்கள் வேறு. ஆனால் கட்டுரையில் ஒரு வரியாகச் சுருங்கிப்போகும் காரியங்கள் எல்லாம் என் போன்றவர்களின் கையில்தான் நடந்தன.

நான் போய்ச் சேர்ந்தபோது எங்கள் கூடத்தில் இருந்த கருவி, 1911ஆம் ஆண்டில் பிலடெல்பியாவில் ஆல்பிரட் ரெஜினால்ட் ஆலன் என்ற வைத்தியர் நாய்களின்மேல் பிரயோகித்த முறையிலிருந்து பெரிதும் மாறியிருக்கவில்லை. முதுகெலும்பின் பின்வளைவை அகற்றி, தண்டுவடத்தை அதன் உறையோடு வெளிப்படுத்தி, நேராக நிறுத்திய ஒரு குழாயின் வழியே குறிப்பிட்ட எடையைக் குறிப்பிட்ட உயரத்திலிருந்து விடுவது என்பதே அந்த முறை. எடையையும் உயரத்தையும் பெருக்கி, இத்தனை கிராம்-சென்டிமீட்டர் அடி என்று அவர் கணக்கிட்டார். தண்டுவடத்தின் சேதம் அடி விழுந்த கணத்தோடு முடிவதில்லை, அதன்பின் சில மணி நேரத்தில் உள்ளே இரத்தமும் நீரும் தேங்கிச் சேதம் வளர்கிறது, அந்த இடைவெளியில் ஏதாவது செய்யமுடியும் என்று முதன்முதலில் தெளிவாகக் கண்டவரும் அவரே. முதல் உலகப் போரில் அவர் உயிரிழந்தார். அவர் கண்ட அந்த இடைவெளியை நம்பித்தான் பின்னால் வந்த மருந்துகள் எல்லாம் புறப்பட்டன.

ஆனால் அவருடைய பெருக்கல் கணக்கில் ஒரு பெரிய குறை இருந்தது. இருபது கிராமை இருபது சென்டிமீட்டரிலிருந்து விட்டாலும், நாற்பது கிராமைப் பத்து சென்டிமீட்டரிலிருந்து விட்டாலும் ஏட்டில் எழுதுவது நானூறு என்ற ஒரே எண்தான். தண்டுவடத்தில் விழும் காயம் ஒன்றல்ல. குழாய் ஒரு நூலிழை சாய்ந்திருந்தால் எடை பக்கத்தில் உரசிக்கொண்டு இறங்கும். பிராணி மூச்சை உள்ளே இழுக்கும் தருணத்தில் விழும் அடியும், வெளியே விடும் தருணத்தில் விழும் அடியும் வேறு வேறு. முதுகெலும்பைக் கவ்விப் பிடிக்கும் கவ்விகள் தளர்ந்திருந்தால் அடியில் பாதியை உடலே தாங்கிக்கொள்ளும். ஒரு கூடத்தின் நானூறும் இன்னொரு கூடத்தின் நானூறும் ஒன்றல்ல என்பது வேலை செய்கிறவர்களுக்கெல்லாம் தெரிந்திருந்தும், மருந்துகளை மட்டும் அந்த எண்ணின்மேல் நிறுத்தி ஒப்பிட்டுக்கொண்டிருந்தோம்.

இதன் விளைவை நான் வருவதற்குச் சில வருஷங்களுக்கு முன்பே இத்துறை அனுபவித்திருந்தது. அடிபட்ட தண்டுவடத்தில் நார்எபிநெப்ரின் என்ற ரசாயனம் பெருகுவதே சேதத்துக்கு மூலகாரணம் என்று எழுபதுகளின் தொடக்கத்தில் ஆஸ்டர்ஹோம் என்பவர் பூனைகளில் கண்டு வெளியிட்டதும் பெரிய உற்சாகம் உண்டாயிற்று. மற்றக் கூடங்கள் அதையே செய்து பார்த்தபோது அந்தப் பெருக்கம் காணக்கிடைக்கவில்லை. மூத்தவர்கள் அந்தக் கதையைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லுவார்கள். சொல்லிவிட்டு, அதே குழாயையும் அதே எடையையும் எடுத்துக்கொண்டு அடுத்த மருந்துக்குப் போவோம்.

ஸ்டீராய்டு இந்தத் துறைக்குள் வந்த வழியும் கவனிக்கத்தக்கது. 1949இல் மேயோ மருத்துவமனையில் ஹென்ச் என்பவர் கார்ட்டிசோனை மூட்டுவாத நோயாளிகளுக்குக் கொடுத்துக் கண்டு அறிவித்த அற்புதத்துக்கு மறு வருஷமே நோபல் பரிசு கிடைத்தது. 1961இல் மினசோட்டாவில் காலிசிச், பிரெஞ்ச் இருவரும் மூளைக் கட்டியைச் சுற்றிய வீக்கத்தை டெக்ஸாமெதசோன் வற்றச் செய்வதைக் காட்டினார்கள். மூளையின் வீக்கம் வற்றுமானால் தண்டுவடத்தின் வீக்கமும் வற்றவேண்டும் அல்லவா என்ற நியாயத்தில், அறுபதுகளின் முடிவில் டக்கர், ஹாமிட் போன்றவர்கள் நாய்களில் அதைச் சோதித்து நல்ல பலன் கண்டதாக எழுதினார்கள். அறுவை வைத்தியர்களும் நோயாளிகளுக்குக் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறகு, வீக்கத்தைக் குறைப்பதல்ல அதன் வேலை, அடிபட்ட நரம்பணுக்களின் சவ்வில் உள்ள கொழுப்பு பிராணவாயுவின் வெறிபிடித்த துணுக்குகளால் சங்கிலித் தொடராக அழிவதைத் தடுப்பதே அதன் வேலை என்ற கொள்கை எழுந்தது. நியூயார்க்கில் டெமோபுலோஸ், பிளாம், வைஸ் யங் முதலியோரும், மிச்சிகனில் கலமசூ நகரத்து அப்ஜான் கம்பெனியின் கூடத்தில் எட்வர்ட் ஹால், பிராக்லர் இருவரும் இதில் உழைத்தார்கள். மருந்து அதே வகையே, அதைக் கொடுப்பதற்குச் சொல்லப்பட்ட காரணம் மட்டும் மாறியது. காரணம் மாறியதும் அளவும் மாறியது என்பதுதான் விசேஷம்.

ஹாலும் பிராக்லரும் பூனைகளில் கண்டதை நான் இன்றும் மதிக்கிறேன். மெத்தில்பிரெட்னிசலோன் என்ற ஸ்டீராய்டை உடல் எடையில் கிலோவுக்கு 15 மில்லிகிராம் கொடுத்தால் பலன் குறைவு. 30 கொடுத்தால் உச்சம். 60 கொடுத்தால் மறுபடியும் பலன் போய்விடுகிறது. பலன் தரும் அளவு ஒரு குறுகிய மேடாக இருக்கிறது என்று அவர்கள் ஒளிவு மறைவின்றி எழுதினார்கள். காலம் தாழ்த்தினால் மருந்து தண்டுவடத்துக்குள் போய்ச் சேருவதே குறைந்துவிடுகிறது என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பூனைக்கு அவர்கள் முதல் ஊசியைப் போட்டது அடிபட்டு அரை மணி நேரத்துக்குள். அந்த அரை மணி நேரத்தை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

அரை மணி நேரம் என்பது ஆராய்ச்சிக்கூடத்தில் எவ்வளவு சுலபமான காரியம் என்பதைச் சொல்லாவிட்டால் விஷயம் விளங்காது. எலியில் நாங்கள் செய்ததையே சொல்லுகிறேன். மயக்கம் கொடுத்து, முதுகு மயிரைச் சிரைத்து, தோலைக் கீறி, தசையை ஒதுக்கி, மார்புப் பகுதியின் கடைசியை ஒட்டிய முள்ளெலும்பின் பின்வளைவைச் சிறு குறடால் துணுக்குத் துணுக்காகக் கடித்தெடுத்தால், உறைக்குள்ளே வெண்மையான தண்டுவடமும் அதன் நடுவே ஓடும் சிவந்த நாளமும் தெரியும். மேலும் கீழும் உள்ள முள்ளெலும்புகளைக் கவ்வியால் பிடித்து, தடியின் நுனியை உறையைத் தொடும் அளவுக்கு இறக்கி, தொட்டது என்பதைக் கருவி ஒலியால் அறிவித்ததும் மேலே தூக்கி விடுவோம். தடி விழும் கணத்தில் மயங்கிக் கிடக்கும் எலியின் பின்னங்கால்கள் ஒருமுறை உதறி நீளும். வால் துள்ளி விழும். அந்தத் துள்ளல் இல்லையென்றால் அடி சரியாக விழவில்லை என்று தெரிந்துகொள்வோம். பார்த்துக்கொண்டிருக்கும்போதே வெண்மையான தண்டுவடத்தின்மேல் கருஞ்சிவப்பாக ஓர் இரத்தக்கட்டு பரவும். சுவரில் கடிகாரம், இரத்த நாளத்தில் முன்பே பொருத்திய குழல், தட்டில் கரைத்து வைத்த மருந்து. எந்த நிமிஷத்தில் வேண்டுமானாலும் கொடுக்கலாம்.

நெடுஞ்சாலையில் கவிழ்ந்த காரிலிருந்து இழுத்து எடுக்கப்படுகிற மனிதனுக்கு அந்தக் கடிகாரம் கிடையாது. அவனை ஆம்புலன்ஸ் கண்டுபிடித்து, முதல் மருத்துவமனையில் சேர்த்து, அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு மாற்றி, படம் எடுத்து, முறிவு இன்ன இடம் என்று நிர்ணயிப்பதற்குள் மணிகள் கழிந்துவிடுகின்றன.

இந்த அளவும் இந்த நேரமும் மனிதர்களிடம் சென்ற கதையை நாங்கள் கூடத்தில் இருந்தபடியே பார்த்தோம். யேல் பல்கலைக்கழகத்து மைக்கேல் பிராக்கன் தலைமையில் நடந்த முதல் தேசிய ஆய்வு 1984இல் வெளிவந்தது. 330 நோயாளிகள், பத்து நாள் வரை நாளொன்றுக்கு 100 மில்லிகிராம் ஒரு சாராருக்கு, 1,000 மில்லிகிராம் மறு சாராருக்கு. இரண்டுக்கும் வித்தியாசமில்லை, அதிக அளவு பெற்றவர்களுக்குக் காயத்தில் சீழ் பிடித்தது மட்டும் அதிகம். எங்கள் துறையினர் அதைக் கண்டு தளர்ந்துவிடவில்லை. ஆயிரம் மில்லிகிராம் என்பது எழுபது கிலோ மனிதனுக்குக் கிலோவுக்குப் பதினான்கு மில்லிகிராம்தான்; பூனையில் பலன் கண்ட 30க்கு அது பாதியும் இல்லையே என்று கணக்குக் காட்டினார்கள். நியாயமான கணக்குத்தான். இரண்டாவது ஆய்வு அந்தப் பூனைக் கணக்கின்மேலேயே அமைந்தது: முதலில் கிலோவுக்கு 30 மில்லிகிராம், பிறகு மணிக்குக் கிலோவுக்கு 5.4 மில்லிகிராம் வீதம் இருபத்துமூன்று மணி நேரம். எழுபது கிலோ மனிதனுக்கு ஒரே நாளில் கிட்டத்தட்ட 10.8 கிராம். கார்ட்டிசோன் யுகத்து வைத்தியர்கள் கனவிலும் நினைத்திராத அளவு அது.

487 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 1990 மே மாதம் நியூ இங்கிலாந்து மருத்துவ ஏட்டில் வெளிவந்தது. வெளிவருவதற்கு முன்பே அரசாங்கத்துச் சுகாதார நிறுவனம் முடிவை அறிவித்து, மருத்துவமனைகளுக்குச் செய்தி அனுப்பிவிட்டது. செய்தி கிடைத்த நாளில் எங்கள் கூடத்தில் உண்டான மகிழ்ச்சியை நான் மறக்கமுடியாது. தண்டுவடக் காயத்துக்கு ஒன்றும் செய்யமுடியாது என்று வைத்தியப் புத்தகங்கள் சொல்லிவந்த காலம் முடிந்தது என்று உண்மையாகவே நம்பினோம். அந்த நம்பிக்கையால் இத்துறைக்குப் பணமும் இளைஞர்களும் வந்தது பெரிய நன்மை என்று இன்றும் கருதுகிறேன். ஆனால் கட்டுரை கைக்கு வந்து நிதானமாகப் படித்தபோது, மொத்த நோயாளிகளையும் சேர்த்துப் பார்த்தால் பலன் தெளிவாக இல்லை என்பதும், எட்டு மணி நேரத்துக்குள் மருந்து பெற்றவர்களைத் தனியே பிரித்தெடுத்தபோதுதான் பலன் தோன்றியது என்பதும் தெரிந்தன. எட்டு மணி! பூனையில் அரை மணியாக இருந்தது மனிதனில் எட்டு மணியாக எப்படி வளர்ந்தது என்று நான் கேட்டபோது, மனிதனுடைய தண்டுவடத்தில் எல்லாம் மெதுவாக நடக்கலாம் என்று எங்கள் மூத்தவர் ஒருவர் விடை சொன்னார். இருக்கலாம். ஆனால் அந்த எட்டு மணியை எங்கள் பிராணிகள் யாருக்கும் சொல்லித் தரவில்லை.

அதுமுதல் எங்கள் வேலையின் முறையே மாறிவிட்டது. எந்தப் புது மருந்தை எடுத்தாலும் மெத்தில்பிரெட்னிசலோனோடு ஒப்பிட்டுக் காட்டவேண்டும் என்பது எழுதாத சட்டமாயிற்று. அப்படி ஒப்பிடத் தொடங்கியதும்தான், நிலையானது என்று நினைத்த அந்த மருந்தே கூடத்துக்குக் கூடம் வேறு வேறாக நடப்பது வெளிப்பட்டது. ஓரிடத்தில் எலிகள் நன்றாக நடந்தன. இன்னோரிடத்தில் உப்பு நீர் பெற்ற எலிகளுக்கும் ஸ்டீராய்டு பெற்ற எலிகளுக்கும் வித்தியாசமே இல்லை.

இந்தக் குழப்பத்தின் நல்ல விளைவாக அடியை ஒழுங்குபடுத்தும் முயற்சி பிறந்தது. நியூயார்க் பல்கலைக்கழகத்தில் குரூனர் என்பவர் செய்து 1992இல் வெளியிட்ட கருவியில் 10 கிராம் தடியை 12.5, 25, 50 மில்லிமீட்டர் உயரங்களிலிருந்து விடலாம். தடி எந்த வேகத்தில் விழுந்தது, தண்டுவடம் எவ்வளவு அமுங்கியது என்பதைக் கம்ப்யூட்டர் வரைந்து காட்டும். வேகம் பிசகியிருந்தால் அந்த எலியைக் கணக்கிலிருந்து நீக்கிவிடவேண்டும். எலியைக் கணக்கிலிருந்து நீக்குவதை மருந்தின் பலன் தெரிவதற்கு முன்பே செய்யவேண்டும் என்ற விதி எனக்கு மிகவும் பிடித்தது. அதற்கு முன்னால் நடந்தவற்றைப் பார்த்தவன் ஆதலால். பல கூடங்கள் ஒரே கருவி, ஒரே ஜாதி எலி, ஒரே மயக்க மருந்து, ஒரே உடல் வெப்பம் என்று ஒப்புக்கொண்டு கூட்டாக வேலை செய்தன. மயக்கத்தில் எலியின் உடல் குளிர்ந்துவிட்டால் அந்தக் குளிர்ச்சியே தண்டுவடத்தைக் காப்பாற்றிவிடும், அந்தப் புண்ணியத்தை மருந்து தட்டிக்கொண்டு போய்விடும் என்பதெல்லாம் அப்போதுதான் எல்லோரும் கவனமாகக் குறிக்கத் தொடங்கிய சங்கதிகள்.

நடையை அளப்பதிலும் அதே திருத்தம் வந்தது. பூனை, நாய் காலத்தில் டார்லோவின் அளவுகோல் என்று ஒன்று இருந்தது; அசைவே இல்லை என்பதிலிருந்து நன்றாக நடக்கிறது என்பதுவரை விரல்விட்டு எண்ணக்கூடிய படிகள்தாம். 1995இல் ஒகாயோ மாநிலப் பல்கலைக்கழகத்தின் பாஸோ, பீட்டி, பிரெஸ்னஹன் மூவரும் சைபரிலிருந்து 21 வரை படிகள் கொண்ட அளவுகோலை வெளியிட்டார்கள். குழந்தைகள் விளையாடும் பிளாஸ்டிக் நீர்த்தொட்டி போன்ற வட்டத்தில் எலியை நான்கு நிமிஷம் விட்டு, இருவர் எதிரெதிரே அமர்ந்து பார்ப்போம். இடுப்பு அசைகிறதா, முழங்கால் அசைகிறதா, பாதம் தரையில் பதிகிறதா, பதிந்த பாதம் உடலின் பாரத்தைத் தாங்குகிறதா, முன்காலும் பின்காலும் ஒத்து நடக்கின்றனவா, வால் தூக்கியிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகக் குறிக்கவேண்டும். உள்ளங்கால் பதிந்து உடல் பாரத்தை ஏந்தும் அந்த நிலைக்கு 9 மதிப்பெண். ஒன்பதைத் தொடாத எலியைப் பார்த்துக்கொண்டே, ஒன்பதைத் தொட்டுவிட்டதாக நினைத்துக்கொள்ள மனசு எவ்வளவு ஆசைப்படும் என்பதை அந்தத் தொட்டியின் அருகே உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். ஆகவே எந்த எலிக்கு எந்த மருந்து என்பது பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது. தெரியாமல் வைப்பதும் கஷ்டமே: நாள் கணக்கில் ஸ்டீராய்டு பெற்ற எலி மெலிந்து போய்விடும், கையில் எடுத்தாலே கனத்தில் தெரிந்துவிடும். ஆகவே எடை போடுகிறவர் ஒருவர், நடை பார்க்கிறவர் வேறொருவர் என்று எங்கள் கூடத்தில் நான் பிடிவாதமாகப் பிரித்து வைத்தேன்.

இத்தனை சொல்லியும், இந்தத் தொழிலின் மையம் என்று நான் கருதுவதை இன்னும் சொல்லவில்லை. தண்டுவடத்தில் அடிபட்ட பிராணி தானாகச் சிறுநீர் கழிக்காது. மூத்திரப்பை நிரம்பி, வீங்கி, இரத்தம் கசிந்து, கிருமி பிடித்து, சிறுநீரகம் கெட்டுப் பிராணி செத்துப்போகும். அதனால் நாள்தோறும் காலையிலும் மாலையிலும், முதல் சில நாட்களில் இடையிலும் ஒருமுறை, ஒவ்வொரு எலியையும் கையில் எடுத்து, அடிவயிற்றில் பெருவிரலையும் மற்ற விரல்களையும் இரு பக்கமும் வைத்து, உருண்டையாகத் தட்டுப்படும் பையை மெல்ல அழுத்திக் காலி செய்யவேண்டும். அதிகமாக அழுத்தினால் பை கிழிந்துவிடும்; குறைவாக அழுத்தினால் பாதி தங்கிவிடும். விரலுக்குள் பை தளர்ந்து மறைவது தெரியவேண்டும். வெளிவருவது தெளிவாக இருக்கிறதா, கலங்கியிருக்கிறதா, சிவந்திருக்கிறதா என்று பார்த்து எழுதவேண்டும். பெண் எலிகளையே பெரும்பாலும் இந்த வேலைக்கு எடுப்பதற்குக் காரணம், சிறுநீர் வழி நீளம் குறைந்ததாக இருப்பதால் பையைக் காலி செய்வது சுலபம் என்பதே. ஞாயிற்றுக்கிழமை என்றும் பனிப்புயல் என்றும் கிறிஸ்துமஸ் என்றும் இந்த வேலைக்கு விலக்குக் கிடையாது. மூத்திரப்பை கெட்ட எலி மெலியும், காய்ச்சல் காணும், நடக்காது. அதற்கு எந்த மருந்து கொடுத்திருந்தாலும் அந்த மருந்து தோற்றதாகவே ஏட்டில் ஏறும். நல்ல கை பார்த்த கூண்டில் உள்ள எலி, உப்பு நீர் மட்டும் பெற்றிருந்தாலும் ஓரளவு தேறிவிடும். கூடத்துக்குக் கூடம் முடிவு மாறியதற்குப் பாதிக் காரணம் இந்தக் கைகளே என்பது என் திடமான அபிப்பிராயம். எந்தக் கட்டுரையும் இந்தக் கைகளைப் பற்றி ஒரு வரிக்குமேல் எழுதியதில்லை.

இன்னொன்றும் உண்டு. எங்கள் பிராணிகள் இளமையும் ஆரோக்கியமும் உடையவை, சுத்தமான கூண்டு, கிருமிநாசினி மருந்துகள். ஸ்டீராய்டு நோய் எதிர்ப்பை அடக்கிவிடும் என்ற ஆபத்து எங்கள் கூண்டுகளில் அதிகமாகத் தலைகாட்டவில்லை. மருத்துவமனையில் மூச்சுக்குழாயும் சிறுநீர்க்குழாயும் பொருத்தப்பட்டுக் கிடக்கும் மனிதனிடம் அது தலைகாட்டியது. 1997இல் வந்த மூன்றாவது ஆய்வில், நாற்பத்தெட்டு மணி நேரம் மருந்து பெற்றவர்களுக்குக் கடுமையான நுரையீரல் சன்னியும் இரத்தத்தில் கிருமி பரவுதலும் கூடுதலாக இருந்தன. 2004இல் லான்செட் ஏட்டில் வந்த, பத்தாயிரம் பேருக்கு மேற்பட்ட தலைக்காய நோயாளிகளைக் கொண்ட கிராஷ் ஆய்வில், அதே மெத்தில்பிரெட்னிசலோனைப் பெற்றவர்களில் இரண்டு வாரத்துக்குள் இறந்தவர்கள் 21.1 சதவிகிதம், பெறாதவர்களில் 17.9 சதவிகிதம். தலைக்காயம் வேறு, தண்டுவடக் காயம் வேறு என்றாலும், அந்த எண்களைப் படித்தபின் அந்த மருந்துப் புட்டியை முன்போல் கையில் எடுக்க எனக்கு மனம் வரவில்லை.

ஆபத்தை முன்கூட்டியே காட்டிய பிராணியும் உண்டு, அது நாய். முதுகெலும்பின் நடுவட்டு பிதுங்கித் தண்டுவடத்தை நசுக்கும் நோய், குட்டைக் கால் டாஷண்ட் ஜாதி நாய்களுக்குத் தானாகவே வருகிறது. யாரும் அடிக்கவேண்டியதில்லை. அந்த நாய்களுக்கு இந்த அளவு மருந்தைக் கொடுத்த கால்நடை வைத்தியர்கள் வயிற்றில் இரத்தக் கசிவைத் தொண்ணூறுகளிலேயே கண்டு எழுதினார்கள். வீட்டில் வாழும் நாய், குறித்த நேரத்தில் வராத நாய், வயது ஏறிய நாய்: மனிதனுடைய நிலைக்கு இதைவிட நெருங்கிய சாட்சி வேறில்லை. நானும் கால்நடை வைத்தியன் ஆனதால் இதைப் பெருமைக்காகச் சொல்லுவதாக நினைக்கவேண்டாம். வட கரோலினாவில் நடாஷா ஓல்பி குழுவினர் 2016இல் வெளியிட்ட ஆய்வில், பின்னங்காலில் வலியே உணராத அளவுக்கு நசுங்கிய நாய்களுக்கு மெத்தில்பிரெட்னிசலோன் கொடுத்தும் வெறும் திரவம் கொடுத்தும் பார்த்தார்கள். பலன் இல்லை.

பலன் இல்லை என்று கண்ட ஆய்வுகள் எத்தனை மேசை இழுப்பறைகளில் கிடந்தன என்பதை நினைக்கும்போதுதான் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. நான் வேலை செய்த இடத்திலும் ஒரு பொறுப்பாளர், ஸ்டீராய்டு எலிகளும் உப்பு நீர் எலிகளும் சமமாக வந்த ஒரு முழு வரிசையை, ‘இதை எந்தப் பத்திரிகை போடும்?’ என்று சொல்லி மூடி வைத்தார். அந்த எலிகளின் மூத்திரப்பையை வாரக்கணக்கில் காலி செய்தவன் நான். அவை பட்ட துன்பம் ஒருவருக்கும் தெரியாமல், இன்னோர் ஊரில் இன்னொருவர் அதே பரிசோதனையை முதலிலிருந்து தொடங்கியிருப்பார். பிராணிகளை ஆராய்ச்சிக்கு உட்படுத்துவது தகுமா என்ற பெரிய விவாதத்தில் நான் தகும் என்ற பக்கத்தில் நின்றவன். ஆனால் முடிவை வெளியிடாமல் மறைப்பதற்குத் தகுமென்று சொல்ல எந்த நியாயமும் எனக்குத் தென்படவில்லை. 1985இல் அமெரிக்கச் சட்டம் திருத்தப்பட்டு, ஒவ்வொரு நிறுவனத்திலும் பிராணிப் பராமரிப்புக் குழு வந்ததால் கூண்டும் மயக்க மருந்தும் வலிநிவாரணமும் எவ்வளவோ சீர்பட்டன. இழுப்பறையை எந்தக் குழுவும் திறந்து பார்க்கவில்லை.

2009இல் அக்தர் முதலிய மூவர், இந்த மருந்தைப் பிராணிகளில் சோதித்து வெளியான 62 ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தார்கள். பலன் கண்டவை 34 சதவிகிதம். பலன் காணாதவை 58. மீதி இரண்டும் கலந்தவை. வெளியானவற்றின் கதை இது. ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்க நரம்பியல் நிறுவனம், புகழ்பெற்ற தண்டுவடப் பரிசோதனைகளை அப்படியே மறுபடி செய்து பார்க்கவென்று சில கூடங்களுக்குப் பணம் கொடுத்தது. 2012இல் அந்த முடிவுகளைத் தொகுத்தபோது, பெரும்பாலானவை முதலில் சொன்னபடி திரும்ப வரவில்லை. அந்த மறுபரிசோதனைகளைச் செய்தவர்களுக்குப் புகழ் ஒன்றும் கிடைக்கவில்லை. இத்துறையில் நான் கண்ட மிக உயர்ந்த சேவை அதுதான்.

மனிதர் விஷயத்தில், 2013இல் அமெரிக்க நரம்பு அறுவை வைத்தியர் சங்கங்கள், தண்டுவடக் காயத்துக்கு மெத்தில்பிரெட்னிசலோன் கொடுக்கப் பரிந்துரைக்கவில்லை என்று எழுதின. 2017இல் வேறொரு சர்வதேசக் குழு, எட்டு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு ஒரு நாள் மட்டும் கொடுப்பதைப் பரிசீலிக்கலாம் என்றது. இரண்டு தரப்பினரும் நேர்மையானவர்களே. நசுங்கிய தண்டுவடத்தின் மேலிருக்கும் அழுத்தத்தைச் சீக்கிரம் அகற்றும் அறுவைதான் மருந்தைவிட முக்கியம் என்று 2008இல் பீகிள் நாய்களில் கண்டது எனக்கு நெடுநாளாக மனத்தில் நிற்கிறது. இன்றைக்கு யார் கேட்டாலும் அந்தப் பக்கமே கை காட்டுவேன்.

அந்தத் தகப்பனாருக்கு நான் சொல்லும் விடை இதுதான்: அந்த ஊசி போடப்படாததால் உங்கள் பிள்ளை கால்களை இழந்தான் என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம், போட்டிருந்தால் நடந்திருப்பான் என்பதற்கு எங்கள் எந்தப் பிராணியும் உறுதி தரவில்லை. அவனுடைய மூத்திரப்பையையும் முதுகுத் தோலையும் நுரையீரலையும் நாள்தோறும் கவனித்துக்கொள்ளுங்கள். அவை அவன் ஆயுளைக் காக்கும். இத்துறைக்குப் புதிதாக வரும் இளைஞர்களிடம் நான் கேட்பதும் ஒன்றே. உங்கள் எலிகள் நடக்காவிட்டால் அதையும் எழுதி வெளியிடுங்கள். ஊசி அடிக்குப்பின் எத்தனையாவது நிமிஷத்தில் போடப்பட்டது, மூத்திரப்பையை யார், எத்தனை வேளை காலி செய்தார் என்பதை அந்தக் கட்டுரையின் முதல் பக்கத்திலேயே எழுதுங்கள்.